புகை சாய்ந்த பக்கம்

கீரிக் கடற்கரைக்குப் பின்னால், இளம் பனைகள் அடர்ந்த வடலிக் காட்டில் நெருப்புப் பிடித்தபோது எங்கள் வலைகள் எல்லாம் மணலில் காய்ந்துகொண்டிருந்தன. நைலோன் வலைக்கு ஒரு பொறி போதும். வலை போனால் எங்கள் வீட்டில் தொழில் இல்லை.

அப்பாவும் சித்தப்பாவும் முதலில் பார்த்தது, வலையும் படகுச் சாமானும் வைக்கும் எங்கள் கடற்கரைக் கொட்டிலான வாடியின் கம்பில் கட்டியிருந்த துணியை. கடலுக்குப் போகுமுன் எங்கள் ஆட்கள் காற்றை அறிவது அதைக் கொண்டுதான். துணி காட்டுப் பக்கம் நீண்டு நின்றது.

"காத்து கடலாலதான் வருது. நெருப்பு அங்காலதான் போகும்," என்றார் சித்தப்பா.

நான் புகையைப் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் முதலாவதாகப் படித்தவள் நான்; பல்கலைக்கழகத்தில் எடுத்த பாடம் புவியியல். புகை நேராக எழும்பி, பனைகளைத் தாண்டியதும் எங்கள் தலைக்கு மேலாகக் கடல் பக்கம் சாய்ந்தது. காலையில் காட்டுப் பக்கமிருந்து கடலை நோக்கி வீசிய தென்காற்று மேலே அப்படியே இருந்தது. கீழே துணியை இழுத்தது நெருப்புத்தான். சூடான காற்று மேலே ஏற, அந்த இடத்தை நிரப்பச் சுற்றியிருந்த காற்று உள்ளே ஓடியது. அந்தச் சூட்டோடு மேலே போகும் தணல் தென்காற்றில் அகப்பட்டால் எங்கள் மணலில்தான் வந்து விழும்.

"அப்பா, வலையளைத் தூக்குவம். இது நெருப்பு இழுக்கிற காத்து. மேல பாருங்கோ."

"மேல ஆண்டவர்தான் இருக்கிறார்," என்றார் சித்தப்பா. "நாலு வருசம் படிச்சு, வானம் பாக்கப் பழகியிருக்கிறாள்."

"ஓம் சித்தப்பா. நீங்களும் ஒருக்காப் பாருங்கோ."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். புகை கடல் பக்கம் சாய்வதைக் கண்டார். உடனே ஒரு வலையின் நுனியைப் பிடித்தார். மறு நுனியை நான் பிடித்தேன். அள்ளிப் படகில் போட்டு, படகை இடுப்பளவு தண்ணீருக்குத் தள்ளி, வலைகள் நனையத் தண்ணீர் அள்ளி ஊற்றினோம். சித்தப்பா தன் வலையைத் தொடவில்லை.

எரிந்த ஓலைத் துண்டுகள் விழத் தொடங்கியபோதும் துணி காட்டுப் பக்கமே காட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வலைகள் கிடந்த இடத்தில் மணல்தான் கறுத்தது. சித்தப்பா ஓடிப்போய்த் தன் வலை மேல் மணலை வாரிக் கொட்டினார். பாதி வலை மிஞ்சியது.

அடுத்த கிழமை வாடிக் கம்போடு இன்னொரு நீளக் கம்பைச் சேர்த்துக் கட்டி, உச்சியில் இரண்டாவது துணியைப் பறக்கவிட்டவர் சித்தப்பாதான்.

"படிச்ச ஆள் வந்து பாருங்கோ, உயரம் காணுமோ?"

"காணாது," என்றேன். "இன்னும் உயர, பனைக்கு மேல வேணும்."