மணி அடித்த பிறகும் ஓடியவள்

விளையாட்டரங்கின் வரவேற்பறையில் ஒரு கண்ணாடிச் சட்டம் தொங்குகிறது. அதைத் தினமும் துடைப்பது அவள் வேலை. "மகளிர் அறுநூறு மீட்டர். இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனை" என்று தங்க எழுத்தில் எழுதி, கீழே வென்றவளின் இளவயதுப் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். எப்படி முறியடிப்பார்கள்? அதற்குப் பிறகு அங்கே அறுநூறு மீட்டரை யாரும் ஓடவே இல்லை. ஓட விட்டால்தானே. அவள் காலையில் வந்ததும் கழிவறைகளைக் கழுவுவாள், பிறகு உடை மாற்றும் அறைகளைப் பெருக்குவாள், கடைசியில் இந்தச் சட்டத்துக்கு வருவாள். கழிவறையில் மூக்கைக்கூடப் பொத்தாதவளுக்கு இங்கே வந்ததும் குமட்டும்.

அரங்கில் எல்லோருக்கும் அவள் 'ரெண்டரை'. பயிற்சியாளர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், காவலாளி அப்படித்தான் கூப்பிடுவார், ஓட வரும் பெண்கள் மரியாதைக்கு ஓர் அக்கா சேர்த்துக்கொள்வார்கள். பெயர் வந்த கதை தெரிந்தவர்கள் அங்கே இரண்டே பேர்தான் மிச்சம். ஒருத்தி அவள். இன்னொருவர் அந்தப் பெயரை வைத்த தடகளச் சங்கச் செயலாளர்.

அப்போது அவள் பள்ளி இறுதி வகுப்பு. அப்பா தச்சு வேலை பார்த்தார், ஒற்றை அறையில் ஆறு பேர். விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் சாப்பாடு உண்டு, படிப்பு உண்டு, பின்னால் அரசு வேலையும் உண்டு. அந்த வருடம் விடுதிக்கு ஆள் எடுக்க வைத்தது ஆயிரம் மீட்டர் ஓட்டம். தடகளத்தில் அது யாருக்கும் வேண்டாத பிள்ளை. எண்ணூறுக்கு மதிப்பு உண்டு, ஆயிரத்தைந்நூறுக்கு மதிப்பு உண்டு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆயிரத்தைப் பெரிய போட்டிகளில் யாரும் சீந்துவதில்லை. ஆனால் அவளுக்கு அளவெடுத்துத் தைத்த தூரம் அது. வேகமும் கொஞ்சம் இருந்தது, மூச்சும் கொஞ்சம் இருந்தது, இரண்டும் ஒன்றாகத் தீரும் இடம் ஆயிரம் மீட்டர்.

நானூறு மீட்டர் தடத்தில் ஆயிரம் என்றால் இரண்டரைச் சுற்று. அதனால் ஓட்டம் எதிர்ப்பக்கத்தில் தொடங்கும். அரைச் சுற்று ஓடி, முதல் தடவையாக வெற்றிக்கோட்டைத் தாண்டும்போது இன்னும் இரண்டு முழுச் சுற்று பாக்கி இருக்கும். அடுத்த தடவை தாண்டும்போதுதான் மணி அடிக்க வேண்டும். மணி அடித்தால் கடைசிச் சுற்று என்று பொருள்.

மணி அடிக்க நிறுத்தப்பட்டிருந்தவர் சங்கத்தில் புதிதாக ஒட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞர். அவர்தான் இன்றைய செயலாளர். காலை முழுக்க எண்ணூறு மீட்டர் தகுதிச் சுற்றுகளுக்கு அவர் மணி அடித்திருந்தார். எண்ணூறு இரண்டே சுற்று, ஆகவே பெண்கள் முதல் தடவை வந்தாலே மணிதான். கை பழகிப்போயிருந்தது. ஆயிரம் மீட்டர்ப் பெண்கள் முதல் தடவை வந்ததும், பக்கத்திலிருந்தவரோடு பேசிக்கொண்டே அடித்துவிட்டார்.

மணி கேட்டால் ஓட்டக்காரியின் காலுக்குத்தான் வேலை, மூளைக்கு இல்லை. எல்லாப் பெண்களும் பாய்ந்தார்கள். அவள் மட்டும் பாயவில்லை. இதென்ன கூத்து, இன்னும் இரண்டு சுற்று இருக்கிறதே என்று நினைத்தாள், தன் வேகத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சுற்று முடிந்ததும் மற்றவர்கள் கோட்டைத் தாண்டிப் புல்லில் விழுந்து கிடந்தார்கள். அவள் அவர்களைத் தாண்டி ஓடினாள். "ஏ பொண்ணு, பந்தயம் முடிஞ்சிருச்சு, வீட்டுக்குப் போ" என்று யாரோ கத்தினார்கள். அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே கடைசிச் சுற்றைத் தனியாக, வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் ஓடாத வேகத்தில் ஓடி முடித்தாள். கோட்டில் யாரும் இல்லை. நேரம் எடுப்பவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

"சார், என் டைம் என்ன?" என்று மணிக்காரரிடம் கேட்டாள்.

"எந்த டைம்?" என்றார் அவர்.

தவறு நடந்தது தெரிந்ததும் சங்கத்துப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மறுபடி ஓட விட்டிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவர்களுக்குத் தோன்றியது வேறு. எதிர்ப்பக்கம் தொடங்கி ஒன்றரைச் சுற்று ஓடினால் கச்சிதமாக அறுநூறு மீட்டர். ஆகவே நடந்தது அறுநூறு மீட்டர்ப் போட்டிதான், முதலில் வந்த பெண் புதிய சாதனை படைத்திருக்கிறாள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அதுவரை அங்கே யாரும் அறுநூறு ஓடியதே கிடையாது. அப்புறம் என்ன, நொண்டிக்கொண்டு வந்திருந்தாலும் சாதனைதான். கூட்டம் கைதட்டியது. முதலில் வந்தவளுக்கு விடுதியில் இடம் கிடைத்தது. ஒழுங்காக இரண்டரைச் சுற்று ஓடியவள் கடைசியாக வந்தவளானாள், பட்டப்பெயரும் கிடைத்தது.

அதன் பிறகு அவள் ஓடவில்லை. ஒரு வெல்டரைக் கட்டிக்கொண்டாள். தையல் கம்பெனியில் சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்தாள், மருத்துவமனையில் படுக்கை விரிப்புத் துவைத்தாள். கடைசியில் ஒப்பந்தக்காரர் கொண்டுவந்து விட்ட இடம் இதே அரங்கம். முதல் நாள் அந்தச் சட்டத்தைப் பார்த்தபோது திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். வீட்டில் அரிசி இல்லை. போகவில்லை.

இப்போது ஒப்பந்தம் கைமாறப்போகிறது. புதிய ஒப்பந்தக்காரர் இளைய ஆட்களைத்தான் வைத்துக்கொள்வாராம். வெல்டிங் நெருப்பைப் பார்த்துப் பார்த்துக் கணவனின் கண்கள் பாழாகிவிட்டன. பட்டறையில் அவனை வாசலைப் பெருக்கச் சொல்கிறார்கள். இந்த நேரத்தில் செயலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ரெண்டரை, அடுத்த வாரம் சாதனைக்கு வெள்ளி விழா. மேடமே வர்றாங்க" என்றார். மேடம் என்பது சட்டத்தில் இருப்பவள்தான். விடுதியில் தொடங்கி, படிப்படியாக ஏறி, இப்போது விளையாட்டுத் துறையில் பெரிய அதிகாரி. "அன்னைக்கு ஓடினவங்கள்ல இங்க இருக்கறது நீ ஒருத்திதான். மேடையில மேடத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லு. அப்புறம் பொண்ணுங்களுக்கு ஒரு ஆயிரம் மீட்டர் ஓட்டம் வெச்சிருக்கேன், அதுக்கு நீயே மணி அடி. போட்டோவுக்கு நல்லா இருக்கும். உன் வேலையை நிரந்தரமாக்கற ஃபைல் மேடம் கையெழுத்துக்குத்தான் காத்திருக்கு."

அவர் தேன் தடவிப் பேசும்போதெல்லாம் வாயோரத்தில் எச்சில் நுரைக்கும். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள், சரி என்றாள்.

வீட்டில் சொன்னபோது கணவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே சிரித்தான். "ரெண்டு வார்த்தைதானே. சொல்லிட்டு வாய் கொப்பளிச்சுக்கோ" என்றான். நிரந்தர வேலை என்றால் கண் சிகிச்சைக்கு வழி பிறக்கும் என்பதை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

விழா நாளில் செயலாளர் அவள் நெஞ்சில் 'நடுவர்' என்று எழுதிய ஒரு பேட்ஜைக் குத்திவிட்டார். பேச்சுகள் நீண்டுகொண்டே போயின. ஆளுக்கு ஆள் மேடத்தின் சாதனையைப் புகழ்ந்தார்கள். ஒருவர் காற்று என்றார், இன்னொருவர் மின்னல் என்றார். அவள் முறை வந்ததும் மைக்கைப் பிடித்து, "மேடம் அன்னைக்கு ரொம்ப நல்லா ஓடினாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். பொய்யுமில்லை. ஆனால் இறங்கும்போது வாயெல்லாம் கசந்தது. தன்னை விற்றாயிற்று, இனி என்ன என்று இருந்தது.

ஓட்டம் தொடங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. மேடம் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். எதிர்ப்பக்கம் துப்பாக்கி வெடித்துப் பெண்கள் கிளம்பியதும் செயலாளர் மணியருகே ஓடிவந்து, அவள் காதில் கிசுகிசுத்தார்.

"மேடத்துக்கு நேரமாச்சு. பொண்ணுங்க முதல் தடவை வரும்போதே அடிச்சிரு. அறுநூறோட முடிச்சுக்கலாம். மேடம் சாதனை பண்ணின தூரம்னு மைக்ல சொல்லிடறேன், பொருத்தமாவும் இருக்கும்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் துளி வெட்கம் இல்லை. ஒரு காலத்தில் கைதவறிச் செய்ததை இப்போது தெரிந்தே செய்யச் சொல்கிறார், அதையும் ஏதோ நல்ல யோசனை போலச் சொல்கிறார். அருவருப்பில் அவளுக்கு உடம்பு கூசியது. கூடவே கணவனின் சிவந்த கண்களும் நினைவுக்கு வந்தன. அவள் கை, மணியின் நாக்கைப் பிடித்தது. ஓர் ஆட்டு ஆட்டினால் போதும், ஃபைல் நகரும்.

பெண்கள் வளைவு திரும்பி வந்தார்கள். யாரும் பாயவில்லை, யாரும் மணியைப் பார்க்கவும் இல்லை. இன்னும் இரண்டு சுற்று இருக்கிறது என்ற நிதானத்தில் கூட்டமாக வந்தார்கள்.

"அடி" என்றார் செயலாளர், கேமராவுக்குப் பல்லைக் காட்டியபடியே. "அடி, அடி."

அவள் மணியின் நாக்கை உள்ளங்கையில் இறுக்கி மூடிக்கொண்டாள். பெண்கள் தாண்டிப் போனார்கள். செயலாளர் நாக்கில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அவள் பிடி விடவில்லை, மணி டொக்கென்று ஒரு சத்தம் போட்டதோடு சரி.

"திங்கக்கிழமையிலேர்ந்து இந்தப் பக்கம் வந்துடாதே" என்று அவர் பல்லைக் கடித்தபடி சொன்னார். மேடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டதைப் பார்த்து அங்கே ஓடினார்.

மேடம் கார் நிற்கும் பக்கம் போகிற வழியில் மணியருகே நின்றார். பேட்ஜைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"நிக்காம ஓடிட்டே இருந்த பொண்ணு நீதானே?" என்றார்.

"ஆமா மேடம்."

"எனக்கும் தெரியும்ப்பா, இன்னொரு சுத்து பாக்கி இருந்துச்சுன்னு. ஆனா நின்னா நான்தான் முதல்னும் தெரிஞ்சுது. நின்னுட்டேன்." பழைய பள்ளிக்கூட வேடிக்கையைச் சொல்வதுபோல் சிரித்தார். அவளும் சிரிக்க வேண்டும் என்று ஒரு நொடி காத்திருந்தார். அவள் சிரிக்கவில்லை. மேடம் காரில் ஏறிப் போய்விட்டார், செயலாளரும் விருந்தினர்களும் புகைப்படக்காரரும் பின்னாலேயே போனார்கள். இத்தனை வருடமாக அந்தச் சட்டத்துக்குள் ஓர் அப்பாவி இருப்பதாக நினைத்துத்தான் அவள் துடைத்திருந்தாள். இப்போது அந்தத் துணியை நினைத்தாலே குமட்டியது.

பெண்கள் இரண்டாம் தடவை வந்தார்கள். அவள் மணியை அடித்தாள். காரில் போகிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று தோள் வலிக்க அடித்தாள். முன்னால் வந்த ஒல்லிப் பெண் ஒருத்தி மணியைக் கேட்டதும் பாய்ந்தாள். கடைசிச் சுற்று முழுக்க அவளைத் தொட ஆளில்லை. அப்படி ஓர் ஓட்டத்தை அந்தத் தடத்தில் அவள் பார்த்ததில்லை. தன் ஓட்டத்தைத் தானே பார்த்திருக்க முடியாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. வேலை போனாலும் போகட்டும், இது நடந்துவிட்டது என்று நினைத்தாள்.

ஒல்லிப் பெண் கோட்டைத் தாண்டி, முழங்காலில் கைவைத்து மூச்சு வாங்கினாள். நிமிர்ந்ததும் முதல் கேள்வி, "அக்கா, டைம் என்ன?"

அவள் நேரம் எடுப்பவர்கள் பக்கம் திரும்பினாள். ஓட்டம் முழுக்கப் பெண்களையே பார்த்திருந்ததால் அவர்களைக் கவனித்திருக்கவில்லை. ஒரே ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"யாரும் எடுக்கலைம்மா" என்றார். "வாட்ச்சைப் பாக்கெட்ல போட்டுக்கச் சொல்லி செயலாளர் ஆரம்பத்துலேயே சொல்லிட்டார். அறுநூறுல யாராவது மேடத்தைத் தாண்டிட்டா வம்பாயிடும் பாரு."

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். காலி நாற்காலிகளைப் பார்த்தாள். பிறகு மணியருகே நின்றவளின் நெஞ்சில் இருந்த 'நடுவர்' என்ற எழுத்தைப் பார்த்தாள்.

"அப்ப நீங்கல்லாம் எதுக்கு இங்க நிக்கறீங்க?" என்றாள். வாயில் சேர்ந்த எச்சிலைப் புல்லில் துப்பிவிட்டு நடந்தாள்.

சொல்வதற்கு அவளிடம் எவ்வளவோ இருந்தது. அந்த எச்சில் தன்மேல் துப்பியதுதான் என்று மட்டும் தெரிந்தது.