கொட்டச் சொன்ன மீன்

மாநகராட்சி சுகாதாரப் பிரிவில் அவருக்கு ‘மூக்கு மேடம்’ என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவர் காதுக்கு எட்டாமல் இல்லை. உள்ளூர அதில் ஒரு பெருமையும் உண்டு. உணவு ஆய்வாளராகச் சேர்ந்து இருபத்தொரு வருடமாகிறது. ஹோட்டலின் பின்வாசலில் நின்றபடியே, உள்ளே கொதிக்கும் எண்ணெய் எத்தனை நாள் பழசு என்று சொல்லிவிடுவார். குளிர்பெட்டியைத் திறப்பதற்கு முன்பே சமையல்காரர்கள் முகம் வெளுத்துப் போவார்கள்.

அந்த மூக்கு, மார்ச் மாதம் வந்த ஒரு காய்ச்சலோடு போய்விட்டது.

காய்ச்சல் விட்ட மறுநாள் அடுப்பில் பால் தீய்ந்து, வீடு முழுக்கப் புகை மண்டியது. குளித்துக்கொண்டிருந்த கணவர் ஈரத்தலையோடு ஓடிவந்து அடுப்பை அணைத்தார். மேடமோ பக்கத்து அறையில் சாவகாசமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தார். “உனக்கு ஒண்ணுமே தெரியலையா?” என்று கணவர் கேட்டபோதுதான் அவருக்கே விஷயம் உறைத்தது. ஆறு மாதத்தில் திரும்பலாம், இரண்டு வருடமும் ஆகலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். நாக்குக்கு உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, காரம் சுட்டது. அதற்கு மேல் எதைச் சாப்பிட்டாலும் சூடான அட்டையை மெல்லுவதுபோல்தான் இருந்தது.

அலுவலகத்தில் அவர் வாயே திறக்கவில்லை. தெரிந்தால் கோப்பு அறையில் உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயம் பாதி, வீம்பு பாதி. சொல்லிவிடும்படி லிப்ட் மெக்கானிக்கான கணவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மனைவியின் முகம் போன போக்கைப் பார்த்து, மூன்றாம் தடவை பேச்சை மாற்றிவிட்டார். மூக்கு செய்யாததைக் கருவிகளை வைத்துச் சமாளித்தார் மேடம். எல்லாவற்றிலும் தெர்மாமீட்டரைச் செருகினார், தேதியைப் படித்தார், கையை விட்டுத் துழாவினார். அவர் முன்னைவிடக் கறாராகிவிட்டார் என்று ஹோட்டல்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

அப்படியே ஏழு மாதம் ஓடியது. பிறகு பெரிய பூங்காவில் உலகப் பண்பாட்டு விழா வந்தது.

ஆண்டுதோறும் இரண்டு நாள் நடக்கும் விழா அது. ஊரில் பிழைக்க வந்த பல நாட்டுக்காரர்களும் தங்கள் ஆட்டம் பாட்டத்தோடு சாப்பாட்டுக் கடையும் போடுவார்கள். அந்த வருடம் நாற்பத்து மூன்று கடைகள். பதினொரு மணிக்குக் கூட்டத்தை உள்ளே விடுமுன் ஒவ்வொரு கடையிலும் சூடு பார்த்து, கை கழுவத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு கரண்டி ருசியும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆவியில் வெந்த மாவு உருண்டை, பீன்ஸோடு குழைந்த இறைச்சி, தட்டை ரொட்டி என்று அவர் வாயில் போட்டுக்கொண்டே போனார். கடைக்காரர்கள் ஆசையாக முகத்தைப் பார்ப்பார்கள். அவரும் தலையாட்டி வைப்பார். ஒரு கிழவர் தன் குழம்பில் பதினெட்டுச் சாமான் இருப்பதாகச் சொல்லி, அதில் எது தூக்கலாக இருக்கிறது என்று கேட்டபோது, உப்பு என்று சொல்லித் தப்பித்தார்.

பன்னிரண்டரைக்கு உதவி சுகாதார அலுவலர் போனில் கூப்பிட்டார். முப்பத்தொன்றாம் கடையில் தகராறு. தாமதமாக வந்து சேர்ந்த அந்தக் கடையை மட்டும் மேடம் இன்னும் பார்த்திருக்கவில்லை.

போய்ப் பார்த்தால், கடை முன்னால் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி ஒரு கூட்டம். பக்கத்துக் கடைக்காரர் பாகில் ஊறிய பலகாரம் விற்பவர். அழுகின மீனைப் பொரிக்கிறார்கள், நாற்றம் தாங்காமல் தன் கடைப் பக்கம் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். மீன் கடையில் நின்றவள் ஒருத்திதான். நாற்பது வயதிருக்கும். சலவைக் கூடத்தில் வேலை. விழா நாளில் மட்டும் கடை போடுபவள். யார் கத்தினாலும் வாணலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மேடம், நீங்க ஒரு தடவை மோந்து பார்த்துச் சொல்லிடுங்க. மூடிடலாம்” என்றார் அலுவலர்.

மேடம் வாணலி மேல் குனிந்தார். வெந்நீர் ஆவி முகத்தில் பட்டதுபோல் இருந்தது, வேறொன்றும் இல்லை. கூட்டம் அவரையே பார்த்தது. கெட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் முடிந்தது. ஏன் என்று யாரும் கேட்கப் போவதில்லை. அந்த வார்த்தை நுனிநாக்கு வரை வந்தும்விட்டது.

அதை விழுங்கிவிட்டு, மீனை எப்படிச் செய்தாள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். மீனில் உப்புப் பிசறி, ஆறின சோறு கலந்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்துப் புளிக்க விடுவது என்றாள் அவள். அப்புறம்தான் பொரியல். ஐஸ் பெட்டியிலிருந்து ஜாடியை எடுத்து முன்னால் வைத்தாள். தெர்மாமீட்டர் ஜாடியில் மூன்று டிகிரி காட்டியது, பொரிந்த துண்டின் நடுவில் எழுபத்தெட்டு. புளிப்பை அளக்கும் காகிதப் பட்டையை ஜாடித் தண்ணீரில் முக்கினார். புளிப்பு ஏற ஏற எண் இறங்கும்; நாலரைக்கு மேல் போனால் புளிப்பு போதவில்லை என்று பயப்பட வேண்டும். பட்டை நாலில் நின்றது.

அவர் பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்:

“மூணு வருஷம் முன்னாடி நீங்கதான் மேடம் இதைக் கொட்டச் சொன்னீங்க. இந்தக் காகிதமெல்லாம் அன்னிக்கு வைக்கவே இல்லையே.”

மேடத்துக்கு ஞாபகம் வந்தது. கடைக்குப் பத்தடி தள்ளி நின்றே மூக்கைச் சுளித்ததும், படிவத்தில் ‘துர்நாற்றம், அழிக்கப்பட்டது’ என்று எழுதியதும், ஆட்கள் இரண்டு பானை மீனைக் குப்பைத் தொட்டியில் கொட்டி மேலே பினாயில் ஊற்றியதும். அது யாருடைய மீன் என்று அன்று முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

“அப்புறம் ரெண்டு வருஷம் நாங்க வரல. என் வீட்டுக்காரர் இந்தத் தடவையும் வரமாட்டேன்னுட்டார்.”

“பின்னே ஏன் மறுபடி இதையே கொண்டுவந்தே?”

“வேற எதுவும் எனக்கு இவ்வளவு நல்லா வராது.”

மேடம் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். மொறுமொறுப்பு, உப்பு, பல் கூசும் புளிப்பு. அவ்வளவுதான் கிடைத்தது. ஆய்வகத்துக்கு ஒரு சின்னப் பாட்டிலில் மாதிரி எடுத்து முத்திரை வைத்துவிட்டு, கடை நடக்கலாம் என்று கையெழுத்துப் போட்டார். பலகாரக்காரர் வாயைப் பிளந்தார்.

அலுவலரைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாகக் கூட்டிப்போனார். “எனக்கு வாசனையே தெரியாது சார். மார்ச்லேர்ந்து.”

அலுவலர் மீன் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “அப்போ இது நல்ல மீன்னு எதை வச்சுச் சொல்றீங்க?”

“அளந்ததை வச்சு. மூக்கு நல்லா இருந்தப்போதான் சார் தப்பாச் சொல்லியிருக்கேன்.”

அலுவலருக்குக் கோபம்தான்; ஏழு மாதம் மறைத்தது சின்ன விஷயமில்லை. ஆனாலும் முதலில் தகராறைத் தீர்த்தார். காற்று வெளியே போகிற தெற்கு மூலைக்கு மீன் கடையை மாற்றினார்கள். அங்கே அப்படி என்னதான் நாறுகிறது என்று பார்க்கவே ஒரு கூட்டம் போனது. போனவர்களில் பாதிப் பேர் வாங்கித் தின்றார்கள். மறுநாள் மதியத்துக்குள் ஜாடி காலி. நான்கு நாள் கழித்து வந்த ஆய்வக அறிக்கையிலும் குறை ஒன்றுமில்லை.

மேடம் பயந்தது போலவே இரண்டு மாதம் கோப்பு அறையில் உட்கார வைத்தார்கள். பிறகு வெளிவேலைக்கு விட்டார்கள், ஆனால் இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்துதான். கோப்பு அறையில் இருந்த நாட்களில், புளிக்க வைத்த பண்டங்களுக்கென்று சோதனைப் படிவத்தில் ஒரு தனிப் பக்கம் எழுதிச் சேர்த்தார். மூன்று வருடத்துக்கு முந்தைய அந்தப் படிவத்தையும் தேடி எடுத்து, ‘சோதிக்காமல் அழித்தது என் தவறு’ என்று அடியில் எழுதித் தேதி போட்டார்.

அதன் நகலை எடுத்துக்கொண்டு ஒரு நாள் சலவைக் கூடத்துக்கே போனார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்திருந்தார். அந்தப் பெண் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

“இதை என் வீட்டுக்காரர்கிட்ட காட்டறேன். அடுத்த வருஷமும் எனக்கு அந்தத் தெற்கு மூலையே கிடைக்குமா மேடம்?”

அது தன் கையில் இல்லை, மாநகராட்சி அலுவலகத்தில் இரண்டாம் நம்பர் ஜன்னலில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்றார் மேடம். பிறகு கைப்பையைத் துழாவி, அதற்கான படிவத்தையும் எடுத்துக் கொடுத்தார்.