கரையில் நின்ற பதினாறு பேர்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஏரிக்கரை நலச் சங்கத்தில் பெரிய ரகளை. ஆரம்பித்து வைத்தது வேறு யாருமில்லை — என் மனைவி!

பெங்களூரில் கடல் ஏது? அல்சூர் ஏரிதான் எங்கள் பேட்டைக்கு மெரீனா. சாயங்காலமானால் கரையில் வறுத்த கடலைக்காய் உண்டு, அரசியல் உண்டு, கல்யாணப் பேச்சு உண்டு... நீச்சல் தெரிந்த ஆண்பிள்ளைதான் இல்லை. இரண்டு வாரம் முன்பு என் எட்டு வயது மகள் வசந்தா கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

கரையில் பதினாறு ஆண்கள் இருந்தோம். பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். என்ன செய்தோம்? கத்தினோம். பெற்ற தகப்பன் நானும் முழங்கால் தண்ணீரில் நின்று கத்தினேன். இதை எழுதக் கை கூசுகிறது.

குதித்தவள் செசிலி. மாதா கோயில் தெருவில் இட்லிக் கடை வைத்திருப்பவள். மதராஸில் கடற்கரைக் குப்பத்தில் பிறந்து, இங்கே வாழ்க்கைப்பட்டவள். கட்டிய புடவையோடு பாய்ந்து, குழந்தையின் பின்னலைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்துவிட்டாள்.

சங்கம் சும்மா இருக்குமா? செசிலிக்கு ஒரு பொன்னாடை. கரையில் 'ஆழம் — ஜாக்கிரதை' என்று ஒரு போர்டு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தீர்மானம் தயார்.

செசிலி பொன்னாடையை மடித்து மேஜைமேல் வைத்தாள்.

"சால்வை இன்னாத்துக்கு சார்? பொட்டப் புள்ளைங்கள காலைல ஆறு மணிக்கு அனுப்புங்க. நான் நீச்சல் கத்துத் தரேன்."

செக்ரெட்டரி கன்னடம் கலந்த தமிழில் பதறினார். "பொம்பளப் பசங்க ஏரியில எறங்கறதா? சும்னே பேஜார் பண்ணாதம்மா! நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

பின் வரிசையிலிருந்து என் மனைவி எழுந்தாள். எங்கள் சங்கத்தில் பெண்கள் பேசுகிற வழக்கமே கிடையாது.

"அந்த நாலு பேரும் அன்னிக்குக் கரையிலதானே சார் நின்னாங்க?"

அவளே தொடர்ந்தாள். "யார் அனுப்பினாலும் சரி, அனுப்பாட்டாலும் சரி... எம் பொண்ணு வருவா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

சுதந்திரம் வந்து பத்து வருஷமாகிறது. இன்னமும் ஆபத்து வந்தால் நமக்குத் தெரிந்தது இரண்டுதான் — போர்டு வைப்போம், சால்வை போடுவோம். கற்றுக்கொள்வதை மட்டும் ஒத்திப்போடுவோம். ஏன்? வெட்கம்தான், வேறென்ன?

புதன்கிழமை முதல் வகுப்பு. வந்தது இரண்டே பேர்: வசந்தாவும், பக்கத்து வீட்டு டீச்சரின் மகளும். வேடிக்கை பார்க்க மட்டும் ஒரு கூட்டம். வசந்தா தண்ணீர் ஓரத்திலேயே நின்றுவிட்டாள். தைரியம் சொல்லலாமென்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். குழந்தை என்னை ஏற இறங்கப் பார்த்தது.

"நீ போப்பா. செசிலியக்கா புடிச்சுக்கட்டும். அவங்களுக்குத்தான் நீச்சல் தெரியும்."

சுருக்கென்றது. கையை விட்டேன். செசிலி பிடித்துக்கொண்டாள். வசந்தா மூக்கைப் பொத்திக்கொண்டு முங்கி எழுந்தாள் — ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

செசிலியிடம் சொல்லிவிட்டேன். நாளைக்கு மூன்றாவதாக ஒரு மாணவன் சேருகிறான். வயது நாற்பத்திரண்டு... சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்!