பூஜைக்காக அணைத்த சர்வர்

ஆயுத பூஜையன்று என் மகள் வேலை பார்க்கும் கோழிக்குஞ்சு பொரிப்பகத்தின் சர்வரை அணைத்தவள் நான்தான். என்ன தவறு செய்தேன் என்பதை இப்போது யாருக்கும் தெளிவாகச் சொல்லிவிடுவேன்.

பொரிப்பகம் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில். அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அவள் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. பூஜைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். முட்டை அடுக்கிய பொரிப்புப் பெட்டிகள் மட்டும் ஓட வேண்டும், மற்ற இயந்திரங்களை நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைக்கலாம் என்றார் முதலாளி.

"கம்ப்யூட்டரையெல்லாம் நான் பாத்துக்கறேன் சாமி" என்றேன் மகளிடம்.

"ஆபீஸ் ரூம்ல அஞ்சு இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு மகள் மாவிலை கட்டப் போனாள்.

அரசு அலுவலகத்தில் பதினெட்டு வருடமாகக் கணினியில் வேலை செய்கிறேன். ஒரு மாலையும் அதை அணைக்காமல் வீட்டுக்குக் கிளம்பியதில்லை. ஐந்தையும் அணைத்தேன். உள்ளறையில் ஆறாவதாக ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மட்டும் பொட்டு வைக்காமல் விட மனம் வரவில்லை. மகள் காலையில் ஏதோ வேலையாக அதில் தன் பெயரில் நுழைந்தவள் திரையைப் பூட்டாமல் போயிருந்தாள். அணைக்கப் போனால், ஏன் அணைக்கிறீர்கள் என்று திரையில் கேட்டது. எந்தக் கணினியும் அதுவரை என்னிடம் காரணம் கேட்டதில்லை. அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். பொறுப்பாக 'பூஜை' என்று ஆங்கில எழுத்தில் தட்டினேன்.

சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தபோது பொரிப்பு அறையிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். "ஏனுங்க, மூணாம் நம்பர் பொட்டி அனலாட்டம் கொதிக்குதுங்க!"

பெட்டிக்குள் விசிறி பழுதாகி நின்றுபோயிருந்தது. சூடு ஏறினால் முதலாளிக்கும் மகளுக்கும் போனில் எச்சரிக்கை வரும். அதை அனுப்புவது நான் அணைத்த சர்வர். கதவைத் திறந்து பெட்டியை ஆறவிட்டுவிட்டு மகள் உள்ளறைக்கு ஓடினாள். சர்வர் உயிர் பெற்றதும் பார்த்தால், அணைத்த நேரம், காரணம், அணைத்தவர் பெயர் எல்லாம் அதன் பதிவேட்டில் இருந்தன. பெயர் என் மகளுடையது.

"உம் பேருதான் இருக்குது. பொட்டு வெக்கவா உனக்குச் சம்பளம்?" என்றார் முதலாளி. மகள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தானுங்க அணைச்சேன்."

"நல்லாருக்குதுங்கக்கா. உங்க ஆபீஸையும் இப்படித்தான் சந்தனம் பூசி மூடுவீங்களா?" என்றவர் மகளைப் பார்த்தார். "மூணாம் பொட்டி பொரிக்குதான்னு பாக்கலாம். அதுக்கப்புறம் உன் வேலையப் பத்திப் பேசிக்கலாம்."

வண்டியில் திரும்பும்போது மகளிடம் கேட்டேன். "எங்க ஆபீஸ் கம்ப்யூட்டரும் அந்த சர்வரும் பாக்க ஒண்ணாத்தானே இருக்குது?"

"மூஞ்சிதாம்மா ஒண்ணு. உள்ள ஓடற ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேற. உங்க ஆபீஸ்ல இருக்கறது எதுத்தாப்ல ஒக்காந்திருக்கற ஒருத்தருக்கு வேலை செய்யும். நீ எந்திரிச்சுட்டா அதை அணைக்கலாம். சர்வருக்கு எதுத்தாப்ல ஆளே வேண்டாம். அஞ்சு கம்ப்யூட்டரு, அத்தனை பொட்டி, எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல பதில் சொல்லிட்டிருக்கும். யாரு உள்ள வரலாம், எதைத் தொடலாம்னு அதுதான் பாத்துக்கும். ஒருத்தர் நிறுத்துனா எல்லாருக்கும் நின்னுரும்மா. அதனாலதான் காரணம் கேட்டு எழுதி வெச்சுக்குது."

"அப்ப தப்பு என்னுதுதான்."

"பூட்டாமப் போனது நானு. பேசாம வாம்மா."

முட்டை பொரிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது; அதுவரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. பதின்மூன்றாம் நாள் அலுவலகத்தில் இருக்கும்போது அவள் அழைத்தாள்.

"பொரிச்சிருச்சும்மா. கொஞ்சம் கம்மிதான். என்னை வேலையில இருக்கச் சொல்லிட்டாரு. ஆனா அந்த சர்வர் ரூம் சாவி இனி என் கையிலதான் இருக்கோணுமாம்."

"சரி சாமி" என்று மட்டும் சொன்னேன். இன்னொரு வார்த்தை பேசியிருந்தால் அத்தனை பேர் முன்னாலும் அழுதிருப்பேன்.