ராத்திரி வீடு திரும்புகிறவர்கள்

பெங்களூருக்குப் போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் சித்தூர் ஜில்லாவே கிளம்பிக்கொண்டிருந்த காலம். இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள். நான் திருப்பதியில் விடுதியில் தங்கி எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். ராமகுப்பத்தில் இருந்த என் அண்ணியோ விடியற்காலையில் குப்பம் ஸ்டேஷனுக்கு ஓடி ரயிலைப் பிடித்து, பெங்களூர் கார்மென்ட்ஸில் தைத்துவிட்டு ராத்திரி வீடு திரும்புவார். ஆய்வு செய்தால் அவரைப் போன்ற பெண்களைப் பற்றித்தான் என்று அடம்பிடித்தேன்.

இதற்கு முன் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று திங்கட்கிழமைக்குள் காட்டு, இல்லாவிட்டால் நான் கொடுக்கிற தலைப்புதான் என்றுவிட்டார் என் கைடு. அவர் வைத்திருந்தது திருமலை பக்தர்களின் செலவுப் பழக்கம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் நூலகத்து கம்ப்யூட்டரில், எங்கெங்கோ வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்பையும் சுருக்கத்தையும் தேடிப் பார்க்கும் வசதி வந்திருந்தது. பெயர் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் உட்காரலாம். பெண்கள், இடப்பெயர்வு என்று ஆங்கிலத்தில் தட்டினேன். அடேயப்பா, கொட்டியது! ஆனால் எல்லாமே ஊரை விட்டுப் போய் நகரத்திலேயே தங்கிவிட்டவர்களைப் பற்றி. குப்பம் என்று சேர்த்தால் பூஜ்யம். நூலகர் எட்டிப் பார்த்து, "ஏமி ராலேதா அம்மா?" என்றார். ஒன்றும் வரவில்லைதான்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போய்ப் புலம்பினேன். வேலையிலிருந்து வந்த களைப்போடு அண்ணி களி கிண்டிக்கொண்டிருந்தார்.

"நாங்க ஊர வுட்டு எங்கடி போய்ட்டோம்? தெனம் போய்க்கினு வந்துக்கினுதான கீறோம். போனவங்கள கேட்டா கம்ப்யூட்டரு போனவங்களத்தான் காட்டும்" என்று சிரித்தார்.

சுரீரென்று உறைத்தது. திங்கட்கிழமை நூலகம் திறக்கும்போதே வாசலில் நின்றேன். தினமும் வேலைக்குப் போய்த் திரும்புவதற்கான ஆங்கிலச் சொல்லைத் தட்டினேன். வந்தது பாருங்கள்! எந்தெந்த தேசத்திலோ பஸ்ஸிலும் ரயிலிலும் இடிபட்டுப் போய் வருகிற பெண்கள். துள்ளிக் குதிக்காத குறைதான். அச்செடுத்துக்கொண்டு ஓடினேன். கைடு படித்துவிட்டு, "இதெல்லாம் அவர்கள் கேட்ட கேள்வி. உன் கேள்வி எது?" என்றார். தாள்களைத் திரும்ப வாங்கிப் புரட்டினேன். போனால் போகிறதென்று இன்னும் ஒரு வாரம் தந்தார்.

அடுத்த சனிக்கிழமை அண்ணியிடம் அந்தச் சுருக்கங்களைத் தமிழில் சொன்னேன். எவ்வளவு தூரம், என்ன சம்பளம், எந்த வண்டி எல்லாம் அதில் இருந்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"அவங்களும் ராத்திரி வந்துதான் சோறாக்கணுமா? பசங்க துன்னாம காத்துக்கினு இருக்குங்களா?"

அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். திரும்பப் போய்த் தேடினேன். நான் பார்த்த சுருக்கங்கள் ஒன்றிலும் அதற்குப் பதில் இல்லை. அதுவே என் ஆய்வுக் கேள்வி ஆனது, தலைப்பும் பிழைத்தது.

இன்றும் எதையாவது தேடி ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும்போது, சந்தோஷப்படுவதற்கு முன்னால், அண்ணி கேட்டது இதில் இருக்கிறதா என்றுதான் என் கண் தேடுகிறது.