மாடவீதிக் கட்டடத்தில் என் மூன்று கோடுகள்

நந்தனத்தில் மூன்று மாடி ஆபீஸ், தேனாம்பேட்டையில் கல்யாண மண்டபம், நங்கநல்லூரில் ஒரு தெருவின் கிழக்குப் பக்கம் முழுக்க வீடுகள். எல்லாம் நான் கட்டியவை. ஆற்றோரக் குடிசையில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மண் சுமந்து, கொத்தனாராகி, மேஸ்திரியானேன். என் சுவருக்குத் தூக்குக்குண்டு போட்டுப் பார்த்த எந்த இன்ஜினீயரும் ஒரு நூல்கூடக் குறை சொன்னதில்லை.

அவற்றைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மயிலாப்பூர் மாடவீதியில் உள்ள பழைய கடைக் கட்டடம்தான் உறுத்துகிறது. நூறு வருஷத்துக்கு மேல் ஆனது என்கிறார்கள். கீழே ஜவுளிக்கடை, மேலே கிடங்கு. சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்திரம்.

எனக்கு முப்பத்தைந்து வயது இருக்கும்போது, ஒரு மழைக்காலத்தில், நடு உத்திரத்தைக் கரையான் தின்று மேல்தளம் தொட்டில் மாதிரி தொங்கியது. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் இடிக்கச் சொன்னார்கள். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. ஜவுளிக்கடை முதலாளி, திருநெல்வேலிக்காரர், தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"கடைய மூடாதீங்க அண்ணாச்சி. இருபது சவுக்குக் கம்பும் ஒரு இரும்பு உத்திரமும் குடுங்க, நிறுத்திக் காட்றேன்" என்றேன்.

"தலையில விழுந்துட்டா என்னவே செய்ய?"

"மொதல்ல என் தலதான் அங்க கீது."

கம்புகளை முட்டுக் கொடுத்து, அடியில் ஆப்பு அடித்து அடித்து, தளத்தை மயிரிழை மயிரிழையாகத் தூக்கினேன். ஒருபக்கம் பட்டுப்புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் நாங்கள் சுவரைக் குடைந்துகொண்டிருந்தோம். உத்திரத்தின் முனை சுவரில் உட்கார்ந்ததும், அதைச் சுற்றிப் பூசிய ஈரச் சிமெண்டில் கரண்டி முனையால் மூன்று கோடு இழுத்தேன். நான் முடித்த வேலைக்கெல்லாம் அதுதான் என் கையெழுத்து.

முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சுவரையும் புதுசு மாதிரி ஆக்கிரும்" என்றார். சுண்ணாம்பைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசினேன். அங்கேயும் ஒரு மூலையில் மூன்று கோடு. அந்தக் காலத்தில் சிமெண்ட் என்றால் கௌரவம். சுவர் மூச்சுவிட முடியாமல் உள்ளுக்குள் வியர்த்து, செங்கல் உதிரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். போன வருஷம் அவர் பிள்ளைகள் கட்டடத்தைப் பழையபடி புதுப்பிக்க ஒரு பெண் ஆர்க்கிடெக்டை வைத்தார்கள். நான் சும்மா பார்க்கப் போனேன். அந்தம்மா சுவரைத் தட்டினார். செங்கல் மாவாகக் கொட்டியது.

"இதுல சிமெண்ட் பூசினது யாருன்னு தெரியுமா ஐயா?"

"எவனோ வெவரங்கெட்டவன் பண்ணிக்கீறான்மா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

இப்போது வாசலில் கட்டடத்தின் வரலாற்றைப் பலகையில் எழுதி வைக்கப் போகிறார்கள். அந்தம்மா எழுதி வைத்திருந்ததை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தேன். முதலில் கட்டியவர் பெயர், முதலாளி பெயர், ஆர்க்கிடெக்ட் பெயர். நடுவில் ஒரு வரி: 'பின்னாளில் இரும்பு உத்திரம் பொருத்தப்பட்டது.' அது தானாக நடந்துபோய் ஏறிக்கொண்டதா?

"அத்தத் தூக்கி வெச்சது நான்மா. முனையில மூணு கோடு கீதா பாரு."

அந்தம்மா என்னையே பார்த்தார். "இருக்குங்க. அதே மூணு கோடு சிமெண்ட் பூச்சுலயும் இருந்துச்சு. போட்டோ வெச்சிருக்கேன். அப்போ அந்த வெவரங்கெட்டவன் யாருங்க ஐயா?"

காகிதத்தை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நான்கு நாள் ஆகிறது.

வெள்ளிக்கிழமை பலகை எழுதுகிறவர் வருகிறார். அதற்குள் முதலாளியின் பிள்ளைகள் கைக்குப் போகட்டும் என்றுதான் பேரனிடம் சொல்லி இதை எழுதவைக்கிறேன். சிமெண்ட் பூசியது நான். சுவர் கெட்டது என்னால். அதையும் போடுங்கள், மறுக்கமாட்டேன். ஆனால் அதற்கு முந்தின வரியில், இந்தக் கட்டடம் இடிபடாமல் நிற்பது இந்த மேஸ்திரியால் என்று எழுதி, என் பெயரைப் போடுங்கள். முதலாளி பெயர் எந்த அளவு எழுத்திலோ அதே அளவில்.