முழு விலாசம்

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் இணையதளம் என் பொறுப்பு. ரண்டர்ஸ் நகரிலிருந்து பெற்றோர் எடுக்கும் தொலைபேசி அழைப்புகள் மனைவியின் பொறுப்பு. பக்க விலாசங்களின் கடைசியில் தொங்கிய ‘டொட் எச்டிஎம்எல்’ என்ற வாலை, தளத்தை இயக்கும் சேர்வரில் விதி எழுதி நறுக்கிவிட்டேன். இனி வால் வேண்டாம் என்று அவளிடமும் சொன்னேன். மறுநாளே யாருக்கோ வாலையும் சேர்த்து எழுத்தெழுத்தாகச் சொன்னாள். பக்கம் திறக்கவில்லை என்று அவர்கள் திரும்ப அழைப்பு எடுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பாதி விலாசத்தைக் குடுத்தா சனம் எப்பிடியப்பா வந்து சேரும்?” என்றாள்.

வாலோடு வருபவர்களையும் சரியான பக்கத்துக்கு அனுப்பிவைக்க இன்னொரு விதி எழுதினேன். அவளிடம் சொல்லவில்லை. இப்போது எல்லாரும் வந்து சேர்கிறார்கள்.

“பாத்தீங்களே, முழுசாச் சொன்னாத்தான் வேலை செய்யுது.”

“ஓம்” என்கிறேன்.